காற்றுப் படாத மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்குக் காற்று ஆகாது. நீங்களும் நானும் கொஞ்ச நேரம் இல்லாவிட்டால் தவித்துப் போகிற ஆக்சிஜன் இருக்கிறதே, அது அவர் மேல் பட்டால் போதும், கதை முடிந்தது. சாப்பாட்டிலும் ஆயிரம் நொட்டை நொள்ளை சொல்வார். கீரைத் தண்டு, பயறுத் தோல், காய்களின் நார் என்று நம் குடல் ‘இது என்னால் ஆகாதப்பா’ என்று கைகழுவி விடுகிற சமாசாரம்தான் அவருக்கு விருந்து. மற்ற கிருமிகள் ராத்திரியோடு ராத்திரியாகப் பெருகித் தட்டை நிறைத்துவிடும். இவர் ஆடி அசைந்து, மனசு வந்தால் வளர்வார், வராவிட்டால் இல்லை. இத்தனை பிகு பண்ணிக்கொள்கிற ஒருவரை மாப்பிள்ளை என்று கூப்பிடாமல் வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

மாப்பிள்ளை ஒரு பாக்டீரியா. மனிதனின் பெருங்குடலில், காற்று எட்டிப் பார்க்காத கடைக்கோடியில் குடியிருப்பவர். அந்தப் பெயருக்கு இன்னொரு நியாயமும் உண்டு. அவர் புறப்பட்டு வந்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் வயிற்றிலிருந்து. ஆய்வுக்கூடத்தில் அவரை வளர்த்து ஆளாக்குகிறவள் அந்த மெக்கானிக்கின் மனைவி. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் புருஷன் மாப்பிள்ளை முறை என்றால், அவன் வயிற்றிலிருந்து வந்தவரும் மாப்பிள்ளைதானே.

வந்த விதம் இப்படி. பல வருஷமாக மருந்து மாத்திரை தொடாத ஒரு வயிறு வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தின் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரைகள் கெட்ட கிருமியைத் தேடிப் போகும் வழியில் இந்த மாதிரிச் சாதுக்களையும் மிதித்துக்கொண்டு போய்விடுமாம். அன்று வீட்டுக்கு வந்தவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏங்க, நீங்க கடைசியா மாத்திரை முழுங்கினது எப்போ?”

“ஞாபகமே இல்லையே. ஏன்?”

“அப்போ நீங்கதான் ஆளு.”

எதைக் கொடுக்கவேண்டும் என்று அவள் விளக்கியதும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் காலையில் பயபக்தியோடு கொடுத்தும் அனுப்பினான். எத்தனையோ பேருடைய டப்பாக்கள் வந்தன. அந்தக் கூச்சக்காரர் மற்ற டப்பாக்களிலெல்லாம் வழியிலேயே உயிரை விட்டுவிட்டார். இவனுடைய டப்பாவில் மட்டும் பிழைத்து எழுந்தார்.

மெக்கானிக்குக்கு ஒரே பெருமை. தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். லிஃப்டுக்குள் கிரீஸ் போட்டுக்கொண்டே, “நம்ம உள்ளயும் ஒருத்தன் ராப்பகலா வேலை பார்க்கிறான், தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவான். ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு சின்னப் பொறாமையும் இருந்தது. மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியை ஊர்ப்பட்ட பேர் ‘வாங்க மாப்பிள்ளை, என்ன சாப்பிடறீங்க மாப்பிள்ளை’ என்று தாங்குகிறார்கள். உண்மையான மாப்பிள்ளையான அவனை அப்படிக் கூப்பிட வேண்டிய ஒரே மனிதர் இன்றுவரை கூப்பிடவில்லை.

அந்த மனிதர் அவனுடைய மாமனார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தன் ஆய்வுக்கூடக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்க வந்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் சொன்னபோது, அவர் தலைகீழாக நின்று பார்த்தார். நடக்கவில்லை. கல்யாணம் முடிந்ததிலிருந்து அவர் மகள் வீட்டுப் படி ஏறியதில்லை. மாமியார் மட்டும் அடிக்கடி வருவார். கண்ணாடிக்கடைக்காரர் காரை வாசலில் நிறுத்தி மனைவியை இறக்கிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார். மருமகனைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்றால் ‘அந்த லிஃப்ட்காரர்’. அதோடு விட்டாரா? எந்தக் கட்டடத்திலும் லிஃப்டில் கால் வைப்பதில்லை என்றும் ஒரு வீம்பு. படியேறிப் படியேறி மனுஷருக்கு முழங்கால் இரும்பாகிவிட்டது. அதற்காவது மருமகனுக்கு அவர் நன்றி சொல்லியிருக்கலாம்.

மாமியார் நல்ல மாதிரி. புருஷனுக்கும் பயம், மருமகன் மேலும் பாசம் என்பதால் நடுவழியாக அவனைத் ‘தம்பி’ என்று கூப்பிடுவார். அவனும் ‘பரவாயில்லை அத்தை, பேர்ல என்ன இருக்கு’ என்பான். பேரில் எல்லாமே இருந்தது. மாமனாருடைய வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்து தன் காதில் விழவேண்டும் என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அன்று அவனுக்கு விடுமுறை. மனைவி காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். அவன் சாவகாசமாக எழுந்து, பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, துணி துவைத்துக் காயப்போட்டு, முகம் முழுக்கச் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். அப்போது லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தன் மாடியில்தான் நிற்கிறது, கதவு கொஞ்சம் உரசுகிறது, எண்ணெய் விடவேண்டும் என்று அவன் காது தானாகக் கணக்குப் போட்டது. அடுத்த நொடி வீட்டுக் கதவை யாரோ உடைத்துவிடுகிற மாதிரித் தட்டினார்கள்.

நுரையோடு போய்த் திறந்தான். வாசலில் மாமியார். அவருக்குப் பின்னால் தலை கலைந்து, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, கண்ணாடிக்கடைக்காரர். அதுவும் லிஃப்டில் வந்து இறங்கிய கண்ணாடிக்கடைக்காரர்.

வெள்ளை வெளேரென்ற அவன் முகத்தைப் பார்த்ததும் மாமியார் “ஐயையோ!” என்று போட்ட அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து, உடனே மூடிக்கொண்டது.

மாமனார் இரண்டு கையையும் நீட்டி மருமகனின் தோளைத் தொட்டார், முழங்கையைத் தொட்டார், கடைசியில் கன்னத்தைத் தொட்டார். கை நிறைய நுரை ஒட்டிக்கொண்டது.

“இருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இருக்கேன் மாமா. என்ன ஆச்சு? யாருக்கு என்ன?”

அவ்வளவுதான். நாற்காலியில் பொத்தென்று விழுந்து, நுரைக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு கண்ணாடிக்கடைக்காரர் குழந்தை மாதிரி அழுதார். கல்யாணத்துக்குக்கூட வராத மனுஷர் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவர் டம்ளரை வாங்காமல் டம்ளர் பிடித்த கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாளே தம்பி,” என்றார் மாமியார்.

“எங்க போயிட்டேன்?”

மாமியார் கைபேசியை எடுத்து அழுத்தினார். குடும்பக் குழுவில் வந்திருந்த குரல் செய்தி. அத்தை, சித்தி, மாமா, பெரியப்பா என்று ஒரு பட்டாளமே இருக்கும் குழு அது. மெக்கானிக் மட்டும் அதில் கிடையாது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்கிற அதிகாரம் கண்ணாடிக்கடைக்காரர் கையில் இருந்தது. கைபேசியிலிருந்து அவன் மனைவியின் குரல் விம்மலோடு வந்தது.

“மாப்பிள்ளை போயிட்டார்... காலைல வந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சு போச்சு. காத்து பட்டிருக்கு. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார். எத்தனை மாசமா கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிட்டேன்... இப்ப யாரும் போன் பண்ணாதீங்க. நான் உள்ள போறேன்.”

“நான் உள்ள போறேன்னு சொல்லிட்டு அவளும் போனை எடுக்கலை தம்பி. காத்து பட்டுச்சுன்னு சொன்னாளா, அவ சித்தி உடனே காத்து கருப்புதான்னுட்டா. இவர் இல்லை இல்லை, லிஃப்டுல இருந்து விழுந்திருப்பார்ங்கறார். வீடே ரெண்டாயிடுச்சு.”

“எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அத்தை?”

“செத்தவருக்கு யாராவது போன் போடுவாங்களா?” என்றார் மாமியார், வெகு நியாயமாக.

மெக்கானிக்குக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆய்வுக்கூடக் குழுவுக்குப் போகவேண்டியது கை தவறிக் குடும்பக் குழுவுக்குப் போயிருக்கிறது. கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால், பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அவள் வேலைக்குள் இறங்கியிருப்பாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க அதிகமாயிற்று. நுரை பறக்கச் சிரித்துக்கொண்டே, போன மாப்பிள்ளை யார், எங்கே பிறந்தவர், எந்த வழியாக வந்தவர் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தான்.

கண்ணாடிக்கடைக்காரரின் அழுகை நின்றது. முகம் சிவந்தது.

“கிருமியா?”

“ஆமா மாமா.”

“ஒரு கிருமிக்கா நான் வழியெல்லாம் அழுதுட்டு வந்தேன்?”

“அழுகைன்னா அழுகை, அப்படி ஒரு அழுகை தம்பி,” என்று மாமியார் குறுக்கே புகுந்தார். “என் மாப்பிள்ளை தங்கம், நான்தான் பாவி, ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டேன்னு ஒரே புலம்பல். சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரர்கூட இறங்கி வந்து ஆறுதல் சொன்னார்.”

“நீ சும்மா இருக்கியா?” என்று எழுந்தார் அவர். அழுத மனுஷனுக்கு அழுததைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாதபோது கோபம் ஒன்றுதான் மிஞ்சும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

மெக்கானிக்கின் சிரிப்பும் போய்விட்டது. இவ்வளவு கிட்டத்தில் வந்த சொல் வாசலைத் தாண்டிப் போகப் போகிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“மாமா,” என்றான். “உங்களுக்கு அது கிருமி. ஆனா அவ அழுதது நிஜம். இப்பவும் உள்ள அழுதுக்கிட்டேதான் வேலை பார்த்துக்கிட்டிருப்பா.”

கண்ணாடிக்கடைக்காரர் நின்றார். மகள் அழுதாள் என்பதை இந்தக் களேபரத்தில் அவர் மறந்தே போயிருந்தார். ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றலாமா என்று யோசித்தார்.

“அது போனா அவளுக்கு என்ன?”

“அது ஒண்ணுதான் மாமா உயிரோட கிடைச்சது. உறைய வெச்சுக்கூடப் பார்த்தாங்க, திரும்ப எழுந்திருக்கலை. கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒண்ணு இருக்கு, உள்ள பொட்டுக் காத்து கிடையாது. வேற வாயுவை அடைச்சு வெச்சிருப்பாங்க. வெளியில நின்னு, பெட்டியில மாட்டியிருக்கிற ரப்பர் கையுறைக்குள்ள கையை விட்டுத்தான் எல்லாம் செய்யணும். மூக்கு அரிச்சா சொறிஞ்சுக்க முடியாது. அந்தக் கையுறையில ஊசி முனை அளவு கிழிஞ்சிருந்தாப் போதும்.”

இன்னொரு செருப்பும் கழன்றது.

“அதை வளர்த்து என்ன பண்ணப் போறாங்க?”

“நாம செரிக்க முடியாம விடற நாரைத் தின்னுட்டு, பதிலுக்கு ஒரு அமிலத்தைக் கொடுக்கிறான். நாத்தம்னா நாத்தம், கெட்டுப் போன வெண்ணெய் மாதிரி. ஆனா குடலோட உட்சுவருக்கு அதுதான் சாப்பாடாம். நிறைய மருந்து சாப்பிட்டவங்க வயித்துல இந்த ஆளே இல்லாமப் போயிடறான், சுவர் பட்டினி கிடக்குது. அவங்களுக்குத் திரும்பக் குடிவைக்க முடியுமான்னுதான் பெரிய டாக்டர் பார்க்கிறார்.”

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்த முறை நன்றாகச் சாய்ந்து.

“பார்க்க எப்படி இருப்பான்?”

“குச்சி மாதிரி மாமா. லேசா ஒரு வளைவு.”

“எந்த லென்ஸ்ல பார்க்கிறாங்க?” தொழில் புத்தி எங்கே போகும்.

“அதை உங்க பொண்ணைத்தான் கேக்கணும். ஆனா ஒண்ணு, அவன் தனியா இருக்கவே மாட்டான். சுத்தி இருக்கிற மத்த கிருமிங்க கொஞ்சநஞ்சம் வர்ற காத்தையும் முதல்ல குடிச்சுத் தீர்த்துடும். அந்த மறைவுலதான் இவன் பொழைப்பு.”

“அப்போ எல்லாமே போச்சா? எங்கயாவது ஒரு மூலையில ஒளிஞ்சிருக்க மாட்டானா?” அவர் குரலில் கவலை வந்துவிட்டது. “ஒரு பாத்திரத்துலயா வெச்சிருப்பாங்க? கடையில நான் ஒரு கண்ணாடிக்கு ரெண்டா எடுத்து வெப்பேனே.”

“தட்டுல இருக்கிறது போயிருக்கும். உயரமான குழாய்ல ஜெல்லி மாதிரி ஊத்தி, அதோட அடியிலயும் வளர்ப்பாங்க. காத்து பட்டா அந்த ஜெல்லி ரோஸ் கலராயிடும். மேல மட்டும் ரோஸாயிருந்து, அடியில நிறம் மாறாம இருந்தா அங்க காத்து எட்டலைன்னு அர்த்தம். அப்படி ஏதாவது மிஞ்சியிருக்கான்னுதான் இப்ப தேடிக்கிட்டிருப்பா.”

பெருங்குடலில் வசிக்கும் ஒரு ஜீவனுக்காக ஒரு குடும்பம் இப்படிக் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது உலகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

திடீரென்று மெக்கானிக் தன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினான். “அட, நான் ஒரு மடையன்! அங்க செத்துப் போனா என்ன மாமா? மூலவர் இங்க இருக்காரே! நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அவரும் இருப்பார்.”

கண்ணாடிக்கடைக்காரர் மருமகனின் வயிற்றைப் பார்த்தார். இதுவரை யாரும் அந்த வயிற்றை இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

“காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“இன்னும் ஒண்ணும் இல்ல மாமா. சவரம் பண்ணிட்டு...”

“ஒண்ணும் சாப்பிடலையா?” அவர் துள்ளி எழுந்தார். “ஏண்டி, கேட்டுக்கிட்டு நிக்கிறியே! உள்ள போய்க் கீரை இருக்கா பாரு. பயறு இருக்கா பாரு. பட்டினி போட்டு அதையும் கொன்னுடப் போறீங்களா?”

மாமியார் சமையலறைக்குள் ஓடினார். சிரிப்பை மறைத்துக்கொள்ளத்தான் ஓடினார் என்று எனக்குத் தோன்றுகிறது. மெக்கானிக் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்டைத் தூக்கிப் போடப் போன மனைவியின் கையைத் தடுத்து, “தண்டுதான் முக்கியம், நாரு, நாரு!” என்று அதட்டினார். கேட்ட பாடத்தை அதற்குள் ஒப்பிக்கிறார் பாருங்கள்.

சாப்பாடு தயாரானதும் அவரே தட்டை வைத்தார். அவரே பரிமாறினார். கீரை ஒரு குன்றாக நின்றது, பக்கத்தில் பயறு இன்னொரு குன்று. கொய்யாப்பழத்தைத் தோலோடு நறுக்கி ஓரத்தில் அடுக்கினார். மெக்கானிக் ஒரு வாய் எடுத்தால் அவர் ஒரு கரண்டி போட்டார்.

“போதும் மாமா.”

“உங்களுக்கு யாரு போட்டா? உள்ள இருக்கிறவருக்குப் போடறேன். நீங்க பேசாம சாப்பிடுங்க.”

மெக்கானிக் பேசாமல் சாப்பிட்டான். தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டான். கண் கலங்கியிருந்தது அவருக்குத் தெரியவேண்டாம் என்று பார்த்தான். கண்ணாடி விற்கிறவர் கண்ணிலிருந்து அதெல்லாம் தப்புமா? அவர் எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்து அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். இத்தனைக்கும் அந்தச் சொல்லை அவர் இன்னும் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. வழியில் ‘என் மாப்பிள்ளை’ என்று புலம்பியதெல்லாம் மாமியார் வாய்மொழிதான்.

அப்போது கீழே படியில் யாரோ தடதடவென்று ஏறி வருகிற சத்தம் கேட்டது. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஓடி வருகிற அந்தக் காலடி அவனுக்கு நன்றாகத் தெரியும். கைபேசியைப் பார்த்திருந்தால் இப்படி வரமாட்டாள். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பாதிப் படியிலிருந்தே கத்தினாள். மூச்சு வாங்குகிறது, சிரிப்பும் வருகிறது, இரண்டும் சேர்ந்து குரல் கட்டடம் முழுக்க எதிரொலித்தது.

“ஏங்க! மாப்பிள்ளை பொழச்சுட்டார்! குழாய்க்கு அடியில நல்லா இருக்கார்! ஏங்க, கேக்குதா? மாப்பிள்ளை உயிரோட இருக்கார்!”

மெக்கானிக் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வாய் நிறையக் கீரை. மாமியார் வாசலுக்கு ஓடப் போனார். கண்ணாடிக்கடைக்காரர் கரண்டியை உயர்த்தி மனைவியை நிறுத்தினார். ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, நான்கு மாடிக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

“தெரியும்மா! மாப்பிள்ளை இங்கதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்!”